ஹவானா சுருட்டும் விருந்து மரபும்

ஹவானா சுருட்டு என்பது கியூபாவில் விளைந்த புகையிலையைக் கொண்டு, கியூபாவிலேயே கையால் சுற்றப்படும் சுருட்டைக் குறிக்கும். கியூபாவின் தலைநகரான ஹவானாவின் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியானதால் இப்பெயர் பெற்றது. எசுப்பானிய மொழியில் இது 'அபானோ' எனப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பா, அமெரிக்காவின் செல்வர் வீடுகளிலும் கப்பல்களிலும் விடுதிகளிலும் இரவு விருந்தின் முடிவில் ஹவானா சுருட்டு பரிமாறுவது ஒரு வழக்கமாயிற்று. கியூபாவுக்குப் பயணம் போகிறவர்கள் நல்ல உணவுக்குப் பின் ஒரு சுருட்டைப் பற்றவைத்ததை நெடுநாள் நினைவில் வைத்துப் பேசுவது இன்றும் உண்டு. அந்தச் சுருட்டுக்குப் பின்னால் உழவர் கிளர்ச்சி, அடிமை முறை, தொழிலாளர் கல்வி, விடுதலைப் போர், வணிகத் தடை, நோய் எனப் பல செய்திகள் அடங்கிய ஐந்து நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

சொல்

தமிழர்களுக்குச் சுருட்டு புதிய பொருளன்று. ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்ற சொல் தமிழின் 'சுருட்டு' என்பதிலிருந்து வந்ததே. திருச்சிராப்பள்ளி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் செய்யப்பட்ட சுருட்டுகள் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை சென்றன. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்திலேயே துப்பறிவாளர் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலை அடையாளம் காண்கிறார். செரூட் இரு முனைகளும் திறந்திருக்கும். ஹவானா சுருட்டின் வாய்ப்பக்கம் ஒரு சிறு இலைத் துண்டால் மூடப்பட்டிருக்கும். புகைப்பதற்கு முன் அதை வெட்ட வேண்டும். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் எளிய அடையாளம் இதுவே.

தொடக்கம்

கொலம்பஸ் 1492 அக்டோபர் 28 அன்று கியூபாவின் கரையை அடைந்தார். நவம்பர் தொடக்கத்தில் லூயிஸ் டெ டோரெஸ், ரோட்ரிகோ டெ ஜெரெஸ் என்ற இருவரை உள்நாட்டைப் பார்த்துவர அனுப்பினார். சீனப் பேரரசர் அருகில் எங்கோ இருப்பார் என்பது அவருடைய எண்ணம். சென்றவர்கள் பேரரசரைக் காணவில்லை. தாயினோ மக்கள் உலர்ந்த இலைகளைச் சுருட்டி, ஒரு முனையில் நெருப்பிட்டு, மறுமுனையில் புகையை இழுப்பதைக் கண்டு வந்து சொன்னார்கள். ஐரோப்பியர் சுருட்டைப் பற்றி எழுதிவைத்த முதல் குறிப்புகளுள் இது ஒன்று.

தாயினோ மக்களுக்குப் புகையிலை வழிபாட்டோடும் மருத்துவத்தோடும் சேர்ந்த பொருள். 'கோயிபா' என்பது அவர்களுடைய சொல். இன்று உலகின் மிக விலையுயர்ந்த சுருட்டுகளுள் ஒன்றின் பெயராக அது இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு உரிய மக்களோ, ஐரோப்பியர் வந்த இரண்டு தலைமுறைகளுக்குள் அம்மை நோயாலும் கட்டாய உழைப்பாலும் பெரும்பாலும் அழிந்தனர்.

அரசின் முற்றுரிமையும் உழவர் கிளர்ச்சியும்

எசுப்பானியருக்குப் புகையிலை முதலில் மருந்தாகவும் பிறகு வருவாயாகவும் பயன்பட்டது. செவில் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸ் 1571-இல் எழுதிய நூலில் அதைப் பல நோய்களுக்கு மருந்தாகப் பரிந்துரைத்தார். கியூபாவில் கானரித் தீவுகளிலிருந்து குடியேறிய சிறு உழவர்கள் ஆற்றோரங்களில் புகையிலை பயிரிட்டனர். ஆற்றோர விளைநிலத்துக்கு 'வேகா' என்று பெயர். உழவர்கள் 'வேகெரோ' எனப்பட்டனர்.

1717-இல் மன்னர் ஐந்தாம் பிலிப் புகையிலை வணிகத்தை அரசின் முற்றுரிமையாக்கினார. விளைந்ததை அரசுக்கே, அரசு வைத்த விலைக்கே விற்க வேண்டும் என்பது ஆணை. உழவர்கள் ஆயுதம் ஏந்தி ஹவானாவுக்குள் நுழைந்தனர். ஆளுநர் பதவியை விட்டு நாடு திரும்ப நேர்ந்தது. 1720-இலும் 1723-இலும் கிளர்ச்சி மீண்டும் வெடித்தது. மூன்றாம் முறை அரசு இரக்கம் காட்டவில்லை. பிடிபட்டவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டு, அவர்களுடைய உடல்கள் ஹவானாவுக்கு அருகே ஹேசூஸ் தெல் மொன்டே சாலையில் பிறருக்கு எச்சரிக்கையாகத் தொங்கவிடப்பட்டன. கியூபாவில் குடியேறியவர்கள் எசுப்பானிய ஆட்சியை எதிர்த்து நடத்திய முதல் பெரும் எழுச்சியாக வரலாற்றாசிரியர்கள் இதைக் கருதுகின்றனர்.

முற்றுரிமை ஒரு நூற்றாண்டு நீடித்து, 1817-இல் மன்னர் ஏழாம் பெர்னாண்டோவின் ஆணையால் நீங்கியது. அதன் பிறகே ஹவானாவில் தனியார் சுருட்டுத் தொழிற்சாலைகள் பெருகின. எச். உப்மன் 1844-இலும், பர்த்தகாஸ் 1845-இலும், ஓயோ தெ மொன்தெர்ரேய் 1865-இலும், ரோமியோ இ ஹூலியெத்தா 1875-இலும் தோன்றின.

இந்த வளர்ச்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கியூப அறிஞர் பெர்னாண்டோ ஓர்த்திஸ் 1940-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், கரும்பு அடிமைகளின் பயிர், புகையிலை சுதந்திர உழவரின் பயிர் என்று இரண்டையும் எதிரெதிராக வைத்தார். பிற்கால ஆய்வுகள் இதை முழுதும் ஏற்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் புகையிலை வயல்களிலும் சுருட்டுப் பட்டறைகளிலும் உழைத்தனர். கியூபாவில் அடிமை முறை 1886-இல்தான் ஒழிந்தது. ஹவானா சுருட்டு உலகப் புகழ் பெற்ற காலமும் அடிமை உழைப்பின் கடைசிக் காலமும் ஒன்றே.

விருந்து மேசைக்கு வந்த வழி

ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டு முழுதும் பொடியும் குழலுமே பெருவழக்கு. சுருட்டுப் பழக்கம் எசுப்பானியாவில் இருந்தது. 1808 முதல் 1814 வரை எசுப்பானிய மண்ணில் போரிட்ட ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைவீரர்கள் அப்பழக்கத்தைத் தங்கள் நாடுகளுக்குக் கொண்டுபோயினர்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இரவு உணவு முடிந்ததும் பெண்கள் வேறு அறைக்குச் செல்வர். ஆண்கள் அங்கேயே அமர்ந்து மதுவும் சுருட்டுமாக அரசியல் பேசுவர். பெரிய வீடுகளில் புகைப்பதற்கெனத் தனி அறை கட்டப்பட்டது. உடையில் வாசனை ஏறாமலிருக்கத் தனி மேலங்கியும் வந்தது. இன்றும் பிரெஞ்சு மொழியில் விருந்து உடைக்கு 'ஸ்மோக்கிங்' என்ற பெயர் வழங்குவது அக்காலத்தின் எச்சம். தொடர்வண்டியிலும் நீராவிக் கப்பலிலும் பயணம் பெருகியபோது, புகைப்பதற்கான பெட்டிகளும் கூடங்களும் அவற்றிலும் இடம்பெற்றன. உள்ளூரில் கிடைக்காத பொருளை வெளியூர் விருந்தில் சுவைப்பது பயணத்தின் பெருமையாயிற்று.

வயலிலிருந்து பெட்டி வரை

மேல்தரமான புகையிலை விளையும் பகுதி கியூபாவின் மேற்கே பினார் தெல் ரியோ மாநிலத்திலுள்ள வுவெல்தா அபாஹோ. சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினெஸ் ஊர்களைச் சுற்றியுள்ள செம்மண் நிலங்கள் மிகவும் பெயர் பெற்றவை. அருகிலுள்ள வின்யாலெஸ் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 1999-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அங்கே இன்றும் காளை பூட்டிய ஏரால் உழுது புகையிலை நடுகிறார்கள்.

நாற்றங்காலில் ஏறத்தாழ ஒன்றரை மாதம் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவர். செடி உயர்ந்ததும் நுனிமொட்டைக் கிள்ளிவிடுவர். பக்கத் தளிர்களையும் ஒடிப்பர். அப்போதுதான் சத்து இலைக்குப் போகும். மேலுறைக்கான செடிகளை மெல்லிய துணிப்பந்தலின் கீழ் வளர்ப்பர். நேர்வெயில் படாத இலை மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்கும். அறுவடையில் செடியை மொத்தமாக வெட்டுவதில்லை. கீழிருந்து மேலாக, சில நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று இலைகளாகக் கையால் பறிப்பர். பறித்த இலைகளை ஊசி நூலால் கோத்து, மரக் கொட்டகையில் கழிகளில் தொங்கவிட்டு ஏறத்தாழ 50 நாள் உலர்த்துவர். பிறகு அடுக்கிவைத்துப் புளிக்க விடுவர். குவியலின் உள்ளே சூடேறி, இலையின் காரமும் கசப்பும் குறையும்.

ஒரு சுருட்டுக்குள் பல வகை இலைகள் உள்ளன. செடியின் அடிப்பகுதி இலை 'வொலாதோ'. இது நன்றாக எரியும். நடுப்பகுதி இலை 'செக்கோ'. இது மணம் தரும். வெயில் அதிகம் படும் மேல்பகுதி இலை 'லிஹெரோ'. இது காரம் தரும், மெதுவாக எரியும். இவற்றை ஒரு கட்டு இலை சுற்றிப் பிடிக்க, அதன்மேல் மேலுறை இலை வரும். சுற்றுபவரின் கையிலுள்ள கருவிகள் ஒரு பலகை, 'சவெத்தா' என்னும் வளைந்த தகட்டுக் கத்தி, சிறிது பசை ஆகியவைதாம். லிஹெரோ நடுவில் அமையவேண்டும். இலைகளுக்கிடையே காற்று செல்ல வழியிருக்க வேண்டும். இறுக்கிச் சுற்றினால் புகை வராது. தளர்த்திச் சுற்றினால் சூடேறிக் கசக்கும். இந்த அளவு கைக்கே தெரிய வேண்டும்.

சுருட்டுகளைப் பெண்கள் தொடையில் வைத்து உருட்டுகிறார்கள் என்றொரு கதை பயணிகளிடையே நெடுநாள் உலவியது. அது உண்மையன்று. இலையின் நடுநரம்பை உரித்தெடுக்கும் பெண்கள் இலைகளை மடியில் வைத்து அடுக்குவர். அதைக் கண்டவர்கள் கட்டிய கதையாக இருக்க வேண்டும். சுருட்டு சுற்றும் வேலை நீண்ட காலம் ஆண்களுடையதாகவே இருந்தது. 1959 புரட்சிக்குப் பிறகே பெண்கள் பெருமளவில் அவ்வேலைக்கு வந்தனர்.

பட்டறையில் வாசிப்பாளர்

ஹவானா சுருட்டு வரலாற்றில் வியப்புக்குரிய பகுதி இதுவே. சுருட்டுச் சுற்றும் கூடத்தில் இயந்திர இரைச்சல் கிடையாது. கைக்கு வேலை உண்டு. காது சும்மா இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். 1865-இல் சாத்துர்னினோ மார்த்தினெஸ் என்ற சுருட்டுத் தொழிலாளி 'லா அவுரோரா' என்ற தொழிலாளர் வார இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு இறுதியில் ஹவானாவின் 'எல் பீகரோ' தொழிற்சாலையில், வேலை நேரத்தில் ஒருவர் அமர்ந்து உரக்க வாசிக்கும் ஏற்பாடு தொடங்கியது. விரைவில் பர்த்தகாஸ் உள்ளிட்ட பிற தொழிற்சாலைகளுக்கும் பரவியது.

வாசிப்பாளருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்லர். தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தனர். யாரை வாசிப்பாளராக வைப்பது, எந்த நூலை வாசிப்பது என்பதையும் அவர்களே வாக்கெடுத்து முடிவு செய்தனர். முதலில் செய்தித்தாள், பிறகு புதினம் என்பது பொதுவான முறை. செர்வாந்தெஸ், விக்டர் ஹியூகோ, அலெக்சாந்தர் தூமா, எமில் ஸோலா ஆகியோரின் நூல்கள் விரும்பிக் கேட்கப்பட்டன. வாசிப்பு பிடித்திருந்தால் சவெத்தாக் கத்தியைப் பலகையில் தட்டுவர். அதுவே அவர்களுடைய கைதட்டல். 1935-இல் தொடங்கப்பட்ட மொன்தெக்ரிஸ்தோ என்ற சுருட்டுக்கு, தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட தூமாவின் புதினத்தின் பெயர் சூட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

ஒரு தொழிலாளி பத்தாண்டு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே உலக இலக்கியத்தின் பெரும்பகுதியைக் கேட்டிருப்பார். ஆட்சியாளர்கள் இதன் ஆற்றலை உடனே உணர்ந்தனர். 1866 மே மாதத்திலேயே எசுப்பானிய ஆளுநர் தொழிற்சாலை வாசிப்பைத் தடைசெய்தார். தொழிலாளரின் கவனம் வேலையிலிருந்து சிதறுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். கேட்டவர்கள் சிந்திக்கத் தொடங்குவார்கள் என்ற அச்சமே உண்மையான காரணம்.

1868-இல் விடுதலைப் போர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான சுருட்டுத் தொழிலாளர்கள் அமெரிக்காவின் கீ வெஸ்ட், பின்னர் தாம்பா நகரங்களுக்குச் சென்றனர். வாசிப்பாளர்களும் உடன் சென்றனர். 1891-இல் விடுதலைத் தலைவர் ஹொசே மார்த்தி தாம்பா தொழிலாளர்களிடையே பேசி ஆதரவு திரட்டினார். அவர்கள் கூலியிலிருந்து கொடுத்த நன்கொடை 1895-இல் தொடங்கிய இறுதிப் போருக்குப் பேருதவியாயிற்று. எழுச்சிக்கான ஆணை ஒரு சுருட்டுக்குள் வைத்துச் சுற்றப்பட்டே கியூபாவுக்குச் சென்றது என்ற செய்தியும் அங்கே வழங்குகிறது.

தாம்பாவில் 1931-இல் முதலாளிகள் வாசிப்பாளர்களை நீக்கினர். அவர்களுடைய இடத்துக்கு வானொலி வந்தது. கியூபாவிலோ அந்தப் பணி அழியவில்லை. 2012-இல் கியூப அரசு தொழிற்சாலை வாசிப்பை நாட்டின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. இன்றும் ஹவானாத் தொழிற்சாலைகளில் ஒலிபெருக்கி முன் அமர்ந்து வாசிப்பவரைக் காணலாம்.

ஒரு பயண விருந்து: 1945

பயணத்தில் நடந்த விருந்துகளில் சுருட்டோடு சேர்த்து மிகுதியாக நினைவுகூரப்படுவது வின்ஸ்டன் சர்ச்சிலின் எகிப்து விருந்து. சர்ச்சிலுக்குக் கியூபா இளமையிலேயே அறிமுகம். 1895 நவம்பரில் விடுதலைப் போரைப் பார்க்கச் சென்ற அவர், தம்முடைய 21-ஆம் பிறந்தநாளை அந்தப் போர்க்களத்தில்தான் கழித்தார். அவர் சென்றது விடுதலை வீரர்களோடு அன்று, எசுப்பானியப் படையோடு. ஹவானா சுருட்டின் மீதான விருப்பம் அதன்பின் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. நீண்ட, தடித்த ஒரு சுருட்டு அளவுக்கு இன்றும் 'சர்ச்சில்' என்றே பெயர். 1941-இல் கியூபாவிலிருந்து அவருக்கு ஒரு பேழை நிறையச் சுருட்டுகள் பரிசாக வந்தபோது, நஞ்சு கலந்திருக்குமோ என்று பிரித்தானிய உளவுத்துறை அவற்றைச் சோதித்துப் பார்த்தது.

1945 பிப்ரவரியில் யால்டா மாநாடு முடிந்து திரும்பும் வழியில், எகிப்தின் ஃபையூம் பாலைச்சோலையில் ஓர் ஏரிக்கரை விடுதியில், சவூதி அரேபிய மன்னர் இப்னு சவூதுக்குச் சர்ச்சில் விருந்தளித்தார். நாள் பிப்ரவரி 17. மன்னர் முன்னிலையில் புகைப்பதும் மது அருந்துவதும் கூடாது என்று முன்பே தெரிவிக்கப்பட்டது. மூன்று நாள் முன்னர் அதே மன்னரைப் போர்க்கப்பலில் சந்தித்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், அவர் எதிரில் புகைப்பதைத் தவிர்த்திருந்தார். சர்ச்சில் இணங்கவில்லை. மன்னரின் சமயம் அவற்றை விலக்குமானால், உணவுக்கு முன்னும் பின்னும் தேவையானால் இடையிலும் சுருட்டும் மதுவும் கொள்வது தம் வாழ்க்கை நெறியின் புனிதச் சடங்கு என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லியனுப்பியதாக அவரே தம் போர் நினைவு நூலில் எழுதுகிறார். மன்னர் இதைப் பெருந்தன்மையோடு ஏற்றார். மெக்காவிலிருந்து கொண்டுவந்த நீரை அவருக்கு ஒரு குவளையில் வழங்கச் செய்தார். தாம் குடித்ததிலேயே சுவையான நீர் அது என்று சர்ச்சில் குறித்தார்.

இந்நிகழ்ச்சி நகைச்சுவையாகவே சொல்லப்படுவது வழக்கம். ஆனால் விருந்தினரின் சமய வழக்கத்தை மதித்து ஒரு பொழுது விட்டுக்கொடுத்த ரூஸ்வெல்ட்டின் பண்பும், தம் விருப்பத்தை விடாத சர்ச்சிலை மன்னித்து நீர் வழங்கிய மன்னரின் பண்பும் இதில் கவனிக்கத்தக்கவை.

புரட்சியும் தடையும்

1959 புரட்சியை அடுத்து, 1960 செப்டம்பரில் சுருட்டுத் தொழிற்சாலைகள் நாட்டுடைமையாயின. பழைய உரிமையாளர் குடும்பங்கள் வெளிநாடு சென்று அதே பெயர்களில் சுருட்டு செய்தன. அதனால் ஒரே பெயரில் கியூபச் சுருட்டு ஒன்றும், டொமினிக்கன் குடியரசு போன்ற நாடுகளில் செய்யப்படும் சுருட்டு இன்னொன்றுமாக இன்றும் விற்கின்றன.

1962 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி கியூபாவோடு வணிகத்தைத் தடைசெய்தார். ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன், தமக்குப் பிடித்த 'பெத்தீ உப்மன்' சுருட்டில் ஆயிரம் வாங்கிவரச் சொன்னார் என்றும், தாம் 1,200 வாங்கிக் கொடுத்ததும் அவர் கையெழுத்திட்டார் என்றும் அவருடைய செய்திச் செயலர் பியர் சாலிங்கர் பின்னாளில் எழுதினார். தடை விதித்தவருக்குக் கையிருப்பு இருந்தது. வுவெல்தா அபாஹோ உழவருக்கு அருகிலிருந்த பெருஞ்சந்தை மூடப்பட்டது.

1966-இல் கோயிபா என்ற சுருட்டு உருவானது. முதலில் அது கடையில் விற்கப்படவில்லை. வெளிநாட்டுத் தலைவர்களுக்கு அரசுப் பரிசாகவே வழங்கப்பட்டது. 1982-இல்தான் பொது விற்பனைக்கு வந்தது. அந்தச் சுருட்டோடு உலகமே அடையாளம் கண்ட பிடல் காஸ்ட்ரோ, 1985-இல் புகைப்பதை விட்டுவிட்டார். மக்கள் நலப் பரப்புரைக்குத் தாமே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

உடல்நலம்

சுருட்டுப் புகையை நுரையீரலுக்குள் இழுக்காமல் வாயோடு விட்டுவிடுவதால் கெடுதி இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரச் சுருட்டு காரணமாகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவு புகையிலையும் இருக்கக்கூடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-இல் வெற்றிபெற்ற படைத்தலைவர் கிராண்ட்டுக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் சுருட்டுகளை அன்பளிப்பாக அனுப்பினர். 1885-இல் அவர் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். உளவியல் அறிஞர் சிக்மண்ட் பிராய்டுக்கு 1923-இல் வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகளுக்குப் பிறகும் அவரால் சுருட்டை விட முடியவில்லை. விளைநிலத்தில் ஈர இலையைக் கையாளும் தொழிலாளருக்குத் தோல் வழியே நிக்கோட்டின் ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வருவதுண்டு.

மூடிய பொது இடங்களில் புகைப்பதற்குக் கியூபாவே 2005-இல் கட்டுப்பாடு விதித்தது. இங்கிலாந்தில் 2007-இலும் இந்தியாவில் 2008-இலும் இத்தகைய தடை நடைமுறைக்கு வந்தது. விருந்து முடிந்ததும் மேசையிலேயே பற்றவைக்கும் பழைய வழக்கம் இதனால் பெரும்பாலும் மறைந்தது.

இன்றைய நிலை

1999 முதல் ஹவானாவில் ஆண்டுதோறும் சுருட்டுத் திருவிழா நடக்கிறது. உலகெங்கிலுமிருந்து வணிகர்களும் ஆர்வலர்களும் வருகின்றனர். கடைசி நாள் இரவில் பெரும் விருந்து நடைபெறும். அங்கே வேலைப்பாடு மிக்க சுருட்டுப் பேழைகள் ஏலம் விடப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் ஓரிரவு ஏலத்தொகை ஒரு கோடி யூரோவைத் தாண்டியிருக்கிறது. அந்தப் பணம் கியூபாவின் பொது மருத்துவத் துறைக்கு வழங்கப்படுகிறது. நோயைத் தரும் பொருளின் விலை நோயாளிக்கு மருந்தாகப் போகும் இந்த முரண், பொருள் தட்டுப்பாட்டில் உழலும் அந்நாட்டின் நிலைமையைக் காட்டுகிறது.

ஒரு பயணி விருந்துக்குப் பின் அமர்ந்து புகைக்கும் ஹவானா சுருட்டு ஒரு மணி நேரத்தில் சாம்பலாகிவிடும். அதைச் சுற்றிய கைகளின் கதை அவ்வாறு முடிந்துவிடவில்லை. தங்கள் கூலியில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்து, வேலை செய்துகொண்டே நூல்களைக் கேட்டு, அந்த அறிவைக் கொண்டு தங்கள் நாட்டின் விடுதலைக்கும் துணைநின்ற தொழிலாளர்களே இவ்வரலாற்றில் முதன்மையாக நினைக்கப்பட வேண்டியவர்கள்.